பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அலாரம்: வயரிங் கேள்வி பதில்

கேள்விகளுக்குப் போவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். அலாரம் பெட்டி கெட்டுப்போவது அபூர்வம். தொல்லை தருவதெல்லாம் அதைக் காரோடு சேர்க்கும் இணைப்புகள்தான். அதுவும் முப்பது நாற்பது வருடம் சூடும் அதிர்வும் பட்டு இறுகிப்போன ஹார்னஸில், அதாவது காரின் வயர்க் கட்டில், கை வைக்கிறோம். அதனால் என் பதில்களில் அலாரத்தைவிட அந்த ஹார்னஸைப் பற்றிய கவலைதான் அதிகம் இருக்கும்.

டேஷ்போர்டுக்குக் கீழே ஒரே வயர்க் கூட்டமாக இருக்கிறது சார். இக்னிஷன் வயர் எது, ரேடியோ போன்றவற்றுக்கான ஆக்சசரி எது? நிறத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாமா?

நிறம் எங்கே தேடலாம் என்று காட்டும், அவ்வளவுதான். முடிவு மல்டிமீட்டருடையது. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையை நல்ல எர்த்தில், அதாவது பேட்டரியோடு சேரும் பாடி உலோகத்தில், பிடியுங்கள். சாவி இல்லாமலே 12 வோல்ட் காட்டுவது பேட்டரியிலிருந்து நேராக வரும் வயர். சாவியைத் திருப்பியதும் 12 வந்து, ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் போகாமல் நிற்பது இக்னிஷன். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பூஜ்யத்துக்கு விழுவது ஆக்சசரி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் உயிர் பெறுவது ஸ்டார்ட்டர் வயர். அலாரத்தின் இக்னிஷன் வயரை ஆக்சசரியில் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் சாவியை எடுத்துவிட்டதாக அலாரம் நினைத்துக்கொள்ளும். காரணம் புரியாத பல கோளாறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

ஜெர்மன் கார் என்றால் வேலை சுலபம். முனைகளிலேயே எண் இருக்கும்: 30 நேர் பேட்டரி, 15 இக்னிஷன், 50 ஸ்டார்ட்டர், 31 எர்த். பழைய பிரிட்டிஷ் காரில் பழுப்பு நேர் பேட்டரி, வெள்ளை இக்னிஷன், வெள்ளையில் சிவப்புக் கோடு ஸ்டார்ட்டர். அப்படியிருந்தும் அளந்து பார்த்துவிட்டே தொடுங்கள். உங்களுக்கு முன் யார் யார் அதில் கை வைத்தார்கள் என்பது தெரியாதே.

பல்பு வைத்த டெஸ்ட் லைட்டை இ.சி.யு. (இன்ஜினை நடத்தும் கணினி) பக்கம் கொண்டுபோகாதீர்கள், அது இழுக்கும் மின்சாரம் அங்கே ஆபத்து. ஏர்பேக் உள்ள கார் என்றால் மஞ்சள் நிறக் கனெக்டர்களை எதைக் கொண்டும் தொடவே கூடாது.

கதவைத் திறந்தால் உள்விளக்கு எரிகிறது. ஆனால் அலாரம் கத்த மாட்டேன் என்கிறது. எல்லா வயரும் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன் அண்ணா.

தம்பி, பெரும்பாலும் டிரிகர் (அலாரத்தைத் தூண்டும் சிக்னல்) மாறிப் போயிருக்கும். கதவு சுவிட்ச் வயரை அளந்து பாருங்கள். கதவைத் திறந்ததும் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு இறங்கினால் நெகட்டிவ் டிரிகர், 12க்கு ஏறினால் பாசிட்டிவ். ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் நெகட்டிவ்தான். 80களின், 90களின் ஃபோர்டு கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் இருக்கும். அலாரத்தில் இரண்டுக்கும் தனித்தனி வயர் இருக்கும். பொருந்துவதை மட்டும் இணைத்து, மற்றதன் முனையை இன்சுலேட் செய்து கட்டிவிடுங்கள்.

என்னுடையது பாப்-அப் ஹெட்லைட் (போட்டால் மட்டும் மேலெழும் விளக்கு) கார். அலாரம் போட்ட பிறகு இடது இண்டிகேட்டர் போட்டால் நான்கும் சேர்ந்து மின்னுகின்றன. ஏன்?

அலாரத்தின் ஒற்றை லைட் அவுட்புட்டை இடது வலது இரண்டுக்கும் நேராக முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். இப்போது இரண்டு பக்கமும் ஒரே வயர் ஆகிவிட்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) வேண்டும், அதன் கோடு போட்ட முனை விளக்குப் பக்கம் இருக்க வேண்டும். டையோடின் அளவைக் கவனியுங்கள். 21 வாட் பல்பு பக்கத்துக்கு இரண்டு என்றால் 42 வாட், அதாவது மூன்றரை ஆம்பியர். 3 ஆம்பியர் டையோடு சூடாகிச் சாகும், 6 ஆம்பியர் போடுங்கள். அலாரத்தின் அவுட்புட் மொத்தம் ஏழு ஆம்பியரைத் தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தாங்காது என்றால் பக்கத்துக்கு ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போடுவதே நல்லது.

உங்களுடையது பாப்-அப் ஹெட்லைட் கார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹெட்லைட் வயரை அலாரத்தோடு சேர்க்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். மூடி நிற்கும் விளக்கு மின்னி யாருக்குத் தெரியப்போகிறது? இண்டிகேட்டரோ பார்க்கிங் லைட்டோ போதும்.

இன்ஜினை முடக்க எந்த வயரை வெட்டுவது? ஃபியூல் பம்ப், இக்னிஷன், ஸ்டார்ட்டர்: ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

வீட்டில் நீங்களே செய்வதாக இருந்தால் ஸ்டார்ட்டர் மட்டும்தான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஃபியூல் பம்பும் இக்னிஷனும் கார் ஓடும் நேரமெல்லாம் மின்சாரம் வாங்குபவை. நீங்கள் போட்ட ஒரு ரிலேயோ ஒரு இணைப்போ தளர்ந்தால், நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது இன்ஜின் நின்றுபோகும். ஸ்டார்ட்டர் வயரில் அதே கோளாறு வந்தால் கார் நின்ற இடத்தில் கிளம்பாது, அவ்வளவே. இரண்டு விளைவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிவு தானே வந்துவிடும்.

மேனுவல் கியர் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். உண்மைதான், செய்யலாம். அதற்கு ஸ்டியரிங் லாக், மறைவான பேட்டரி ஐசொலேட்டர் (பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச்) என்று தனித் தடைகளைச் சேருங்கள். இரண்டு சர்க்யூட்களைத் துண்டிக்கும் இம்மொபிலைசர்தான் வேண்டும் என்றால், அந்த வேலையை அதில் பழகிய ஆளிடம் விட்டுவிடுங்கள்.

இனி ரிலே. ஐந்து கால் ரிலேயில் 85, 86 சுருளுக்கு. 30 நடு முனை. சுருளில் மின்சாரம் இல்லாதபோது 30 ஒட்டியிருப்பது 87ஏ, மின்சாரம் வந்ததும் தாவுவது 87. அலாரம் விழித்திருக்கும்போது எர்த் கொடுக்கும் அவுட்புட் என்றால், ஸ்டார்ட்டர் வயரை வெட்டி ஒரு முனையை 30லும் மறுமுனையை 87ஏயிலும் கொடுங்கள். அந்த அவுட்புட்டை 85ல், இக்னிஷனை 86ல். இப்படிச் செய்தால் அலாரம் போட்டுக் காரை நிறுத்தியிருக்கும் நாளெல்லாம் ரிலே சும்மா கிடக்கும், யாராவது சாவியைத் திருப்பினால் மட்டும் வேலை செய்யும். சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு வையுங்கள், கோடு 86 பக்கம். இல்லையென்றால் ரிலே விடும்போது எழும் எதிர் வோல்டேஜ் அலாரத்தின் அவுட்புட்டைத் தின்றுவிடும். பழைய கார்களில் ஸ்டார்ட்டரை இயக்கும் சொலினாய்டின் மொத்த மின்சாரமும் இந்த வயர் வழியாகவே போகும். ஆகவே ஏற்கெனவே இருக்கும் வயரின் தடிமனுக்குக் குறையாத வயரும், 30 அல்லது 40 ஆம்பியர் ரிலேயும் அவசியம்.

என்னுடையது 1965 எம்ஜிபி. ஏதாவது தனியாகக் கவனிக்க வேண்டுமா?

நிச்சயமாக. 1967ல் மார்க் 2 வரும் வரை எம்ஜிபி பாசிட்டிவ் எர்த் கார், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்தது. இன்றைய அலாரங்களோ நெகட்டிவ் எர்த்தை நம்பிச் செய்யப்பட்டவை. அப்படியே இணைத்தால் முதல் தொடுதலிலேயே எரிந்துபோகும். பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள், பல கார்களை யாராவது எப்போதோ மாற்றியிருப்பார்கள். மாற்றப்படாதது என்றால், மாற்றும்போது டைனமோவின் துருவத்தைத் திருப்ப வேண்டும், காயிலின் இரண்டு வயர்களை இடம் மாற்ற வேண்டும், டாக்கோமீட்டரையும் (இன்ஜின் சுற்றும் வேகம் காட்டுவது) கவனிக்க வேண்டும். ஒரு அலாரத்துக்காக மட்டும் இவ்வளவு தூரம் போக நான் சொல்ல மாட்டேன். உங்கள் காருக்கு ஐசொலேட்டர் சுவிட்சும் ஸ்டியரிங்கைப் பூட்டும் இரும்புத் தடியும் போதும்.

1986 கார்வெட். சைரன் எர்த்தைப் பக்கத்திலேயே பாடியில் திருகினேன், சத்தமே இல்லை.

பாடி ஃபைபர்கிளாஸ் ஆயிற்றே, அதில் எர்த் எங்கிருந்து வரும்? ஃபிரேம் வரை தனி வயர் இழுங்கள், பெயிண்டைச் சுரண்டிப் பளபளக்கும் உலோகத்தில் திருகுங்கள். இன்னொன்று, அந்த ஆண்டில்தான் கார்வெட்டில் சாவிக்குள் ரெசிஸ்டர் வைக்கும் பாதுகாப்பு வந்தது. 15 மதிப்புகளில் ஒன்று உங்கள் சாவியில் இருக்கிறது. அதைப் படிக்க லாக்கிலிருந்து ஸ்டியரிங் காலம் வழியாக இரண்டு மெல்லிய வயர்கள் இறங்கும். வயர் தேடும்போது அவற்றை இழுத்துவிடாதீர்கள்.

ராத்திரியில் காரணமே இல்லாமல் அலறுகிறது. தெருவே சண்டைக்கு வருகிறது!

முதல் சந்தேகம் பானட் சுவிட்ச் மேல். தண்ணீர் இறங்கித் துரு பிடித்திருக்கும். ஒரு ராத்திரி அதைக் கழற்றி வைத்துப் பாருங்கள். அடுத்து ஷாக் சென்சர். அதை மெல்லிய தகட்டில் ஒட்டியிருந்தால் காற்றுக்கே நடுங்கும், உறுதியான பிராக்கெட்டில் கட்டிவிட்டு உணர்திறனைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். துணிக்கூரை கார் என்றால் அல்ட்ராசோனிக் சென்சர் ஒத்துவராது, கூரை அசைவதையே திருடன் என்று எடுத்துக்கொள்ளும். மைக்ரோவேவ் வகையைக் குறைந்த உணர்திறனில் வைக்கலாம்.

வாரக்கணக்கில் எடுக்காமல் நிற்கும் கார். பேட்டரி தாங்குமா?

கணக்குப் போடுவோம். கார் முழுவதும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தால், 60 ஆம்பியர்-மணி பேட்டரி 50 நாளில் முற்றிலும் காலி. ஸ்டார்ட் செய்யும் பலம் அதற்கு வெகு முன்பே போய்விடும், பழைய பேட்டரி என்றால் இன்னும் சீக்கிரம். மீட்டரைப் பேட்டரியின் நெகட்டிவோடு தொடராக (நெகட்டிவ் முனைக்கும் அதிலிருந்து கழற்றிய வயருக்கும் நடுவில்), 10 ஆம்பியர் அளவில் வைத்து, அலாரம் போட்டுச் சற்று நேரம் காத்திருந்து அளங்கள். மீட்டர் தொடரில் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் மீட்டர் போய்விடும். 50க்கு மேல் காட்டினால் ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்துப் பார்த்துக் குற்றவாளியைப் பிடியுங்கள். நீண்ட நாள் நிற்கும் காருக்கு, பேட்டரியை நிறைந்தபடியே வைத்திருக்கும் மெயின்டெயினர் சார்ஜர்தான் சரி.

வயரைச் சீவாமல் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் கிளிப் போடலாமா?

வேண்டாம். அது வயரின் இழைகளை வெட்டும், ஈரமும் உள்ளே போகும். சால்டரிங் செய்து ஹீட் ஷ்ரிங்க் போட்டு, இணைப்பில் அசைவு வராமல் பக்கத்து ஹார்னஸோடு கட்டுங்கள். வயரை அழுத்தி இணைக்கும் நல்ல கிரிம்ப் கருவி இருந்தால் கிரிம்பும் சரியே.

ரிமோட் ஸ்டார்ட் வசதியும் அதிலேயே வருகிறது. இணைக்கட்டுமா?

மேனுவல் கியரா? அப்படியானால் கூடாது. கியரில் விட்டு நிறுத்திய கார், ஆளில்லாமல் சுவரிலோ மனிதர் மேலோ பாயும்.

முந்தைய ஓனர் போட்ட அலாரம் செத்துக் கிடக்கிறது. பிடுங்கி எறிந்துவிடலாமா?

பிடுங்காதீர்கள், பின்தொடர்ந்து போங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பெட்டியிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு வயரும் எங்கே சேர்கிறது என்று தாளில் வரையுங்கள். ஒட்டுப்போட்ட வயர்களை எடுத்துவிட்டு அந்த இடங்களை இன்சுலேட் செய்தால் போதும். வெட்டி நடுவில் ரிலே வைத்த வயர்தான் முக்கியம். அதன் இரண்டு முனைகளையும் திரும்பச் சேர்க்காவிட்டால் கார் கிளம்பாது. புதிய அலாரமும் போடப்போகிறீர்கள் என்றால் அதே வெட்டைப் பயன்படுத்துங்கள், அந்த ஹார்னஸில் இன்னொரு வெட்டு வேண்டாம். வரைந்த தாளைக் காரின் கையேட்டுக்குள் வையுங்கள், உங்களுக்கு அடுத்து வருபவருக்கு வேண்டியிருக்கும்.