எச்ஐவி மாத்திரையை மாற்றினால் பழைய மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமா?

"டர்பனில் இருக்கும் என் மாமா பத்து வருடமாகச் சாப்பிட்ட எச்ஐவி மாத்திரையை கிளினிக்கில் மாற்றிவிட்டார்கள். உடம்புக்கு மருந்து பழகிவிட்டதா? இனி வேறு மருந்தே இருக்காதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அதே டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். இதே கேள்வி கவுன்டரிலும் வரும், குரலைத் தாழ்த்திக்கொண்டு. முதலில் ஒன்று: மருந்து பழகுவது உடம்புக்கு இல்லை, கிருமிக்கு. மாமாவுக்கு அதுகூட நடந்திருக்க வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்க அரசு 2019 கடைசியிலிருந்து எல்லோரையுமே டிஎல்டி மாத்திரைக்கு மாற்றி வருகிறது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அந்த ஒன்றிலேயே இருக்கின்றன.

பழைய மாத்திரையில் டோலுடெக்ராவிர் இருக்கும் இடத்தில் எஃபாவிரென்ஸ் இருந்தது. அதன் பலவீனம் என்னவென்றால், கிருமியின் நொதியில் 103ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும், எஃபாவிரென்ஸும் அதே வகை மருந்தான நெவிரபினும் சேர்ந்தே செல்லாக்காசாகிவிடும். அந்த மாற்றத்தால் கிருமி பெரிதாக நலிவதும் இல்லை. அதனால் மருந்தை நிறுத்தினாலும் அது தங்கிவிடும், அடுத்தவருக்கும் தொற்றும். ஒரு மாத்திரைகூட வாயில் போடாதவர்களிடமும் எதிர்ப்பு, அதாவது மருந்துக்கு அடங்காத கிருமி, இருந்தது இப்படித்தான். சிகிச்சை தொடங்குபவர்களில் அப்படிப்பட்டவர்கள் 10 சதவீதத்தை எட்டினால் முதல் மருந்தை மாற்றுங்கள் என்று 2017இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இந்த நாடு அந்த எல்லையைத் தாண்டிவிட்டது.

இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. 2002இல் அரசியலமைப்பு நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, குழந்தைக்குக் கிருமி தொற்றாமல் இருக்க, பிரசவத்தின்போது தாய்க்கு ஒரே ஒரு வேளை நெவிரபின் கொடுத்தார்கள். ஏராளமான குழந்தைகள் தப்பித்தன. பல தாய்மார்களிடம் எதிர்ப்பும் முளைத்தது. அன்றைக்குக் கையில் இருந்தது அதுதான், கொடுத்தது சரி என்றுதான் நான் சொல்வேன்.

டோலுடெக்ராவிரை கிருமி அவ்வளவு லேசில் ஏமாற்ற முடியாது. ஆகவே டிஎல்டி எடுப்பவருக்கு வைரல் லோடு (இரத்தத்தில் கிருமியின் அளவு) ஏறினால், எதிர்ப்பு வந்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட மாட்டார்கள். வேளை தவறியதா, கூட என்ன சாப்பிடுகிறார் என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒரு அம்மா காலையில் வெறும் வயிற்றில் டிஎல்டியையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வாயில் போட்டு விழுங்கிக்கொண்டிருந்தார். கால்சியம் அந்த மருந்தைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் சேர்த்து எடுக்கலாம். வயிற்று அமிலத்துக்கான அன்டாசிட் என்றால் அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் டிஎல்டி. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராமை ஒரு நாளைக்கு இருமுறை தர வேண்டிவரும். இதையெல்லாம் சரிசெய்தும் லோடு இறங்கவில்லை என்றால்தான் எதிர்ப்புப் பரிசோதனை. அதைப் பார்த்து டாருனாவிர் மாதிரி வேறு வகை மருந்துக்குப் போவார்கள். ஆக, மருந்து தீர்ந்துபோகவில்லை.

நம்மவர்களுக்கு முக்கியமானது சர்க்கரை. டோலுடெக்ராவிர் இரத்தத்தில் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினின் அளவை ஏற்றிவிடும், அதனால் மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மாமாவுக்குச் சர்க்கரை இருந்து, அந்த மாத்திரையைத் தனியார் டாக்டரிடம் வாங்குகிறார் என்றால் கிளினிக்குக்கு அது தெரிந்திருக்காது. இரண்டு டப்பாவையும் எடுத்துப்போய்க் காட்டச் சொல்லுங்கள். அப்புறம், காவடி விரதத்துக்காக டிஎல்டியை நிறுத்த வேண்டாம், அதை வெறும் வயிற்றிலும் போடலாம்.