வாசகர் கேள்வி பதில்: நியூ ஜெர்சியை விட்டுட்டு டெக்சாஸ் போலாமா?

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க எடிசன்ல பத்து வருஷமா இருக்கோம், ரெண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட், பெரியவ அஞ்சாவது படிக்கறா, சின்னவன் ஒண்ணாவது. அவருக்கு ஹெச்-1பி வேலை விசா, கிரீன் கார்டுக்கு கம்பெனி போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆயிடுச்சு, நான் மனைவிக்கு குடுக்கற ஹெச்-4 ஈஏடி பர்மிட்ல வேலை பாக்கறேன், ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து வருஷத்துக்கு ஒரு 1,80,000 டாலர் வரும். அவரோட காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் டல்லாஸ் பக்கம் போய் வீடு வாங்கிட்டாங்க, ஸ்டேட் இன்கம் டாக்ஸ் கிடையாது, 5 லட்சம் டாலருக்கு நாலு பெட்ரூம் வீடு, ஜனங்க அவ்ளோ அன்பா பழகறாங்க, இன்னும் அங்க என்னடா பண்றீங்கன்னு தினமும் வாட்ஸ்அப்ல கேக்கறாங்க. டெக்சாஸ் போனாலும் இதே வேலைய பாக்கலாம்னு மேனேஜர் வாய்வார்த்தையா சொல்லிருக்காராம். எனக்குத்தான் மனசு ஒப்பல. இங்க ஓக் ட்ரீ ரோடுக்கு நடந்தே போய் கறிவேப்பிலை வாங்கிட்டு வந்துடுவேன், எனக்கு ஜுரம்னா மாடி வீட்டு அக்கா ரசம் வச்சு குடுத்துட்டு பசங்களையும் பாத்துக்குவாங்க. நான் பயப்படறது தப்பா?
பெயர் வேண்டாம், எடிசன்

பதில்: தப்பே இல்ல தங்கச்சி. உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன், அதுல பணத்த பத்தி இருக்கறது எல்லாம் அவரோட ஃப்ரெண்ட்ஸ் சொன்னது, மாடி வீட்டு அக்காவ பத்தி எழுதினது மட்டும்தான் நீங்களா எழுதினது. ரெண்டையும் பேசுவோம், நானும் நியூ ஜெர்சில எட்டு வருஷம் இருந்துட்டு டல்லாஸுக்கு வடக்க வந்து குடியேறினவதான்.

எல்லாத்துக்கும் முன்னாடி விசா. மேனேஜர் வாய்வார்த்தையா சொன்னத வச்சுக்கிட்டு லாரிய கூப்பிட்டுடாதீங்க. ஹெச்-1பின்றது வேலை பாக்கற இடத்தோட சேர்த்து குடுக்கற விசா, எடிசன் ஏரியாவ விட்டு டல்லாஸ் ஏரியாவுக்கு வேலை இடம் மாறுதுன்னா, வீட்ல உக்காந்து வேலை பாத்தாலும் சரி, கம்பெனி தொழிலாளர் துறை கிட்ட எல்சிஏன்ற பேப்பர புதுசா எடுத்து விசாவுக்கு அமெண்ட்மென்ட் ஃபைல் பண்ணணும், 2015ல இமிக்ரேஷன் அப்பீல் ஆபீஸ் குடுத்த சிமியோ தீர்ப்புக்கு அப்பறம் இதுல சந்தேகத்துக்கே இடமில்ல, அதுவும் அவர் டெக்சாஸ்ல மொத நாள் லேப்டாப்ப தொறக்கறதுக்கு முன்னாடியே ஃபைல் ஆயிருக்கணும். ஐ-140 அப்ரூவ் ஆனதால ப்ரயாரிட்டி டேட், அதாவது கிரீன் கார்டு வரிசைல உங்க எடம், உங்ககூடவே வரும், ஆனா பெர்ம்ன்ற லேபர் சர்டிஃபிகேட்ட நியூ ஜெர்சி ஆபீஸுக்குன்னு போட்டிருந்தா, நிரந்தரமா டெக்சாஸ்தான்னு ஆனப்பறம் பெர்ம், ஐ-140 ரெண்டையுமே மறுபடி போட வேண்டி வரலாம், அதுக்கு கம்பெனி ஒத்துக்குதா, சம்பளத்த ஊருக்கு தகுந்த மாதிரி கொறைப்பாங்களா, இத ரெண்டையும் ஹெச்ஆர் கிட்டருந்து ஈமெயில்ல வாங்குங்க. உங்க ஈஏடிக்கு இந்த இடப் பிரச்சினை கிடையாது, வீடு மாறின 10 நாளுக்குள்ள நாலு பேரோட அட்ரஸையும் யுஎஸ்சிஐஎஸ்ன்ற இமிக்ரேஷன் ஆபீஸ்ல மாத்திட்டா போதும்.

இப்ப கணக்குக்கு வருவோம். உங்க சம்பளத்துக்கு நியூ ஜெர்சி ஸ்டேட் டாக்ஸ் வருஷத்துக்கு 7,000 டாலர் பக்கம் போகுது, டெக்சாஸ் போனா அது மிச்சம், அதுல பொய் இல்ல. ஆனா டெக்சாஸ்லயும் ஸ்கூல் நடத்தணும் ரோடு போடணும் இல்லையா, அதுக்கு வீட்டு மேலதான் கை வைக்கறாங்க. டல்லாஸ் சுத்துவட்டாரத்துல ப்ராப்பர்ட்டி டாக்ஸ் 2 சதவீதம்னு வச்சுக்கோங்க, 5 லட்சம் டாலர் வீட்டுக்கு 10,000 டாலர். சொந்தமா குடியிருக்கற வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன்னு ஒண்ணு இருக்கு, ஸ்கூல் டாக்ஸுக்கு மட்டும் வீட்டு மதிப்புல 1,40,000 டாலர கழிச்சுட்டு போடுவாங்க, 2022 வரைக்கும் 40,000ஆ இருந்துச்சு, அதுக்கப்பறம் ரெண்டு தடவ ஏத்திருக்காங்க, அதெல்லாம் போக ஒரு 8,500 வரும். ஆக மிச்சம் பண்ண 7,000 அப்படியே வீட்டு வரிக்கு போய், மேல ஒரு 1,500 கையிலருந்து போகும். இத சொன்னா ஃப்ரெண்ட்ஸ் சண்டைக்கு வருவாங்க, அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, ஏன்னா நியூ ஜெர்சில சராசரி வீட்டு வரியே 2024ல 10,000 டாலர தாண்டிடுச்சு, அதுக்கு மேல இன்கம் டாக்ஸும் இருக்கு, அதனால வீட்டோட வீட்ட வச்சு பாத்தா டெக்சாஸ் கண்டிப்பா சல்லிசுதான். நீங்க ஆனா அங்க வாடகை வீட்டையும் இங்க சொந்த வீட்டையும் ஒண்ணா தராசுல வைக்கறீங்க, அங்கதான் கணக்கு குழம்புது. எடிசன்லயே ஒரு வீட்ட என்னிக்காவது வாங்கற ஐடியா இருக்கான்னு மொதல்ல ரெண்டு பேரும் பேசுங்க, இல்லன்னா டெக்சாஸ் போனா செலவு கொறையாது, கூடும், அதுக்கு பதிலா ஒரு வீடு கைல இருக்கும்.

புது வீடா வாங்கறவங்க நெறைய பேர் மாட்டற எடம் ஒண்ணு சொல்றேன், நாங்களும் இதுல மாட்டினோம். டாக்ஸ் போடறது ஜனவரி 1ம் தேதி அந்த எடத்துல என்ன இருந்துச்சுன்னு பாத்து, அன்னிக்கு வெறும் மனையா இருந்துச்சுன்னா மொத வருஷ டாக்ஸ் மனைக்கு மட்டும்தான் வரும், பேங்க்கும் அத வச்சே எஸ்க்ரோ, அதாவது டாக்ஸுக்குன்னு மாசாமாசம் பிடிச்சு வைக்கற பணத்த, கணக்கு போட்டு மாசத் தவணைய சொல்லும், நாமளும் அட இவ்ளோதானான்னு சோஃபா டிவின்னு வாங்கிடுவோம், அடுத்த வருஷம் முழு வீட்டுக்கும் டாக்ஸ் வந்ததும் எஸ்க்ரோல துண்டு விழுந்து, பழைய பாக்கியும் புது டாக்ஸும் சேர்ந்து மாசத் தவணை ஒரேயடியா நூத்துக்கணக்குல ஏறிடும், எங்களுக்கு 700 டாலர் ஏறுச்சு. எங்களுக்கு வீடு வித்த பில்டர் ஆபீஸ்ல இத பத்தி ஒரு வார்த்த சொல்லல. அதனால முழு வீட்டு விலைக்கும் டாக்ஸ் போட்டு மாசத்துக்கு எவ்ளோன்னு லோன் ஆபீசர் கிட்ட நீங்களே கேளுங்க. செலினா, ஆப்ரி மாதிரி இன்னும் வடக்க போனா விலை கொறைச்சலா தெரியும், ஆனா மட் டாக்ஸ், பிட்னு தண்ணி லைனுக்கும் ரோடுக்கும் வாங்கின கடன நம்ம தலைல போடற எடங்க அங்கதான் அதிகம், மொத்த ரேட் 2.5 வரைக்கும் கூட போகும், வீட்டு விலைய கேக்கறதுக்கு முன்னாடி டாக்ஸ் ரேட்ட கேளுங்க.

அப்பறம் ஆலங்கட்டி மழை. மார்ச்லருந்து மே வரைக்கும் வானம் பச்சையா மாறினா எல்லாரும் கார கராஜுக்குள்ள தள்ளுவோம். கூரை ஷிங்கிள் போச்சுன்னா இன்ஷூரன்ஸ் குடுக்கும், ஆனா காத்துக்கும் ஆலங்கட்டிக்கும் டிடக்டிபிள் தனி, வீட்டு கவரேஜ்ல 1 இல்ல 2 சதவீதம், 4 லட்சத்துக்கு 2 சதவீதம்னா மொத 8,000 டாலர் நம்மளுது. களிமண் பூமி வேற, கோடைல காஞ்சு சுருங்கும், ஃபவுண்டேஷன் விரிசல் விடாம இருக்க வீட்ட சுத்தி ஹோஸ் போட்டு தண்ணி விடணும், செடிக்கு விடறமோ இல்லையோ வீட்டுக்கு விடுவோம். ரெண்டு கார் இல்லாம நடக்காது, டோல் தனி.

இனி நீங்க நெஜமா கேட்ட கேள்வி.

டெக்சாஸ்காரங்க அன்பானவங்கதான், நடந்து போனா காருக்குள்ளருந்து கைய காட்டுவாங்க, கடைல பில் போடற பொண்ணு உங்க பொட்டு அழகா இருக்குன்னு சொல்லும். ஆனா கை காட்டறது வேற, ஜுரத்துக்கு ரசம் வர்றது வேற. எங்க தெருவுல எல்லாரும் கார்ல வந்து கராஜ் கதவ தொறந்து உள்ள போய் கதவ மூடிக்குவாங்க, ஆறு மாசம் எனக்கு பக்கத்து வீட்டுக்காரங்க முகமே சரியா தெரியாது, எடிசன்ல ஒரு மாடிப்படில அஞ்சு வீட்டு சமையல் வாசனை வந்த எடத்துலருந்து வந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. அந்த மொத கோடைல நான் பாத்ரூம்ல உக்காந்து அழுதிருக்கேன்.

அது மாறினது 2021 பிப்ரவரில. பனிப்புயல் வந்து டெக்சாஸ்ல லட்சக்கணக்கான வீட்ல கரண்ட் போச்சு, டல்லாஸ்ல மைனஸ் 19 டிகிரி செல்சியஸ் வரைக்கும் எறங்குச்சு, எங்க வீட்ல அடுப்பு எலெக்ட்ரிக், வென்னீர் கூட வைக்க முடியல. எதிர்வீட்டு தெலுங்கு குடும்பத்துக்கு கேஸ் அடுப்பு, அந்தம்மா கதவ தட்டி பசங்கள கூட்டிட்டு வாங்கன்னாங்க, மூணாவது வீட்டு வெள்ளக்கார தாத்தா பாட்டியையும் கூப்பிட்டாங்க, தீக்குச்சி கிழிச்சு அடுப்ப பத்த வச்சு ஒரே ஹால்ல நாலு குடும்பம் ரெண்டு ராத்திரி இருந்தோம், நான் பருப்பு ரசம் வச்சேன், அந்த தாத்தா டம்ளர்ல வாங்கி குடிச்சுட்டு இன்னும் கொஞ்சம்னு நீட்டினார். இன்னிக்கு அந்த நாலு வீட்டு சாவியும் எங்க எல்லார் கிட்டயும் இருக்கு. மாடி வீட்டு அக்கா அங்கயும் கெடைப்பாங்க, ஆனா எங்களுக்கு அஞ்சு வருஷம் ஆச்சு. அந்த அஞ்சு வருஷத்துக்கு உங்களுக்கு யார் துணைன்றதுதான் நீங்க உங்க வீட்டுக்காரர கேக்க வேண்டியது, அவருக்கு காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் அங்க ரெடியா இருக்காங்க, உங்களுக்கு யாரு? இத அவர் யோசிச்சே இருக்க மாட்டார், கோவப்படாம சொல்லுங்க.

நான் உங்க எடத்துல இருந்தா இப்படி பண்ணுவேன். ஆகஸ்ட்ல ஒரு வாரம் குடும்பத்தோட வந்து தங்குங்க. ஏப்ரல்ல வராதீங்க, ரோடு ஓரம் எல்லாம் நீலப் பூ பூத்து கெடக்கும், மாடல் ஹோம்ல ஏசியும் குக்கீயும் குடுப்பாங்க, எல்லாருக்கும் புடிச்சுடும். 2023ல இங்க 100 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதுக்கு மேலயோ போன நாள் மட்டும் 55, 2011ல 71. அந்த வெயில்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கு பசங்கள பார்க்குக்கு கூட்டிட்டு போய் பாருங்க, கறிவேப்பிலை வாங்க எத்தன மைல் ஓட்டணும்னு பாருங்க, ஃப்ரெண்ட்ஸோட மனைவிங்க கிட்ட தனியா பேசுங்க, புருஷங்க இல்லாதப்ப.

அதுக்கப்பறமும் சரின்னு பட்டா ஒரு வருஷம் வாடகைக்கு இருந்துட்டு வாங்குங்க. பொண்ணு ஆறாவது போறப்ப மாறறது அவளுக்கு நல்லது, ஃப்ரிஸ்கோ, ப்ராஸ்பர் பக்கம் மிடில் ஸ்கூல் ஆறாவதுலதான் ஆரம்பிக்கும், எல்லா பசங்களுக்கும் அது புது ஸ்கூல்தான், இவ மட்டும் தனியா தெரிய மாட்டா. ஆனா நியூ ஜெர்சில ஸ்கூல் ஜூன் பாதிக்கு மேல முடிஞ்சு இங்க ஆகஸ்ட் நடுவுல தொறந்துடும், நடுவுல ஏழெட்டு வாரம்தான். மனசு ஒப்பலன்னா ஒப்பலன்னு சொல்லுங்க, நாலு பெட்ரூம் வீட்ல நாள் பூரா உக்காந்திருக்கப் போறது நீங்கதான்.

கேள்வி: நாங்க கலிஃபோர்னியா சான் ஹோசேல இருக்கோம். பையன் இப்ப பத்தாவது. டெக்சாஸ் போனா டாப் ரேங்க் எடுத்தா யூனிவர்சிட்டில தானா சீட் குடுத்துடுவாங்களாமே, இப்ப மாறலாமா?
ஒரு அப்பா, சான் ஹோசே

பதில்: சட்டம் இருக்கறது உண்மைங்க சார், 1997லருந்து இருக்கு, ஸ்கூல்ல டாப் 10 சதவீதத்துல வந்தா டெக்சாஸ் அரசு யூனிவர்சிட்டில அட்மிஷன் உறுதி. ஆனா எல்லாரும் கேக்கற ஆஸ்டின் டெக்சாஸ் யூனிவர்சிட்டிக்கு அது 10 கிடையாது, 6 சதவீதமா இருந்தத 2026 அட்மிஷன்லருந்து 5 ஆக்கிட்டாங்க, அதுவும் யூனிவர்சிட்டிக்குள்ள சீட்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ்லன்னு உத்தரவாதம் இல்ல. நம்மாளுங்க தேடிப் போற ஸ்கூல்கள்ல அந்த 5 சதவீதத்துக்கு ஒன்பதாவதுலருந்தே பசங்க ஓடிட்டு இருக்காங்க, ரேங்க் பாக்கறது பதினொண்ணாவது முடிவுல, உங்க பையன் ஒரே வருஷத்துல அவங்கள புடிக்கணும், கலிஃபோர்னியா மார்க்குக்கு புது ஸ்கூல் என்ன வெயிட்டேஜ் குடுக்கும்ன்றது டிஸ்ட்ரிக்ட்டுக்கு டிஸ்ட்ரிக்ட் மாறும். அந்த ஸ்டேட்டுக்காரங்களுக்குன்னு இருக்கற கொறைஞ்ச இன்-ஸ்டேட் ஃபீஸுக்கு 12 மாசம் குடியிருக்கணும். உங்க கைல கலிஃபோர்னியா யூனிவர்சிட்டியோட இன்-ஸ்டேட் ஃபீஸ் இருக்கறப்ப அத விட்டுட்டு பதினாறு வயசு பையன கூட்டுலருந்து பிரிச்சு எடுக்காதீங்க, ரெண்டு வருஷம் பொறுங்க, அவன் காலேஜ் போனதும் நீங்க ரெண்டு பேரும் எந்த ஸ்டேட்டுக்கு வேணா போலாம்.

கேள்வி: சிகாகோ குளிர் தாங்கல. கிரீன் கார்டு வந்துடுச்சு, அப்பா அம்மாவும் இனிமே எங்ககூடதான் இருக்கப் போறாங்க, அப்பாவுக்கு தினமும் ஒரு மணி நேரம் நடக்கணும். டெக்சாஸா நார்த் கரோலினாவா?
ஒரு வாசகி, நேப்பர்வில்

பதில்: ஹெச்-1பில இருந்திருந்தா டல்லாஸ்னு சொல்லிருப்பேன்ம்மா, வேலை போனா 60 நாளுக்குள்ள இன்னொண்ணு தேடணும், அதுக்கு கம்பெனி நெறைய இருக்கற ஊர் வேணும். உங்களுக்கு அந்த கத்தி தலைக்கு மேல இல்ல, அதனால நார்த் கரோலினா போங்க, ராலே பக்கத்துல கேரி, மாரிஸ்வில். ஸ்டேட் டாக்ஸ் உண்டு, 2026லருந்து எல்லாருக்கும் ஒரே ரேட் 3.99 சதவீதம், ஆனா வீட்டு வரி டெக்சாஸ்ல கட்டறதுல பாதி பக்கம்தான் வரும். கேரி வெங்கடேஸ்வரா கோயில்ல 2022ல 87 அடி கோபுரம் தொறந்தாங்க, அம்மாவுக்கு சனிக்கிழமை பொழுது போயிடும். அப்பாவுக்காக சொல்றேன், அந்த ஊர்ல கிரீன்வேன்னு மரத்துக்கு நடுவுல நடைபாதை மைல் கணக்குல இருக்கு, வீடு பாக்கும்போது கிச்சன பாக்கறதுக்கு முன்னாடி அந்த பாதைக்கு பெரிய ரோட தாண்டாம நடந்து போக முடியுதான்னு நீங்களே ஒரு தடவ நடந்து பாருங்க, அப்பா யாரையும் எதிர்பாக்காம தனியா போய்ட்டு வரணும்ல.