முக்காடு கடையின் 'லுக்'குக்கு ஒத்துவராதாம்!

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். கல்லூரியில் படிக்கும் என் மகள், மாலில் உள்ள ஒரு துணிக்கடையில் பகுதிநேர வேலைக்கு நேர்காணலுக்குப் போனாள். நன்றாகவே பேசினார்கள். இரண்டு நாள் கழித்து, முக்காடு கடையின் 'லுக்'குக்கு ஒத்துவராது என்று போனில் சொல்லிவிட்டார்கள். மதத்துக்காகத்தான் போடுகிறேன் என்று இவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதே கடையில் அரைகுறை உடைப் போஸ்டர்களும் ஆசியர்களைக் கிண்டலடிக்கும் டி-ஷர்ட்டும் வேறு. எல்லாவற்றுக்கும் சேர்த்து வழக்குப் போடலாமா?

பதில்: போஸ்டரையும் டி-ஷர்ட்டையும் ஓரமாக வையுங்கள். கோபம் வரும், சரி. ஆனால் மனம் புண்படுகிறது என்பதற்காக மட்டும் அமெரிக்காவில் விளம்பரத்தின் மேல் வழக்கு நிற்காது. 2002-இல் அபர்குரோம்பி அண்ட் ஃபிட்ச் என்ற அமெரிக்கத் துணிக்கடைக் கம்பெனி, சீனச் சலவைக்காரர்களைக் கேலி செய்து டி-ஷர்ட் விற்றது. ஆசிய அமெரிக்கர்களின் எதிர்ப்பு வலுத்ததும் கம்பெனியே அதை எடுத்துக்கொண்டது.

அந்தக் கம்பெனி சட்டத்தில் மாட்டியது ஆள் எடுத்த விதத்தில்தான். வெள்ளையர்களை விற்பனைக்கு நிறுத்திவிட்டு எங்களைப் பின்னால் சரக்கறைக்கு அனுப்புகிறார்கள் என்று கறுப்பின, லத்தீன், ஆசிய இளைஞர்கள் 2003-இல் வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டே 4 கோடி டாலருக்குச் சமரசம். விளம்பரப் படங்களிலும் பல இனத்தவர் இருக்கவேண்டும் என்பதும் அதில் சேர்ந்தது.

உங்கள் மகளுக்கு உதவுவது இன்னொரு வழக்கு. 2008, ஓக்லஹோமாவின் டல்சா நகரம். 17 வயது சமந்தா எலாஃப் கறுப்பு முக்காட்டோடு அதே கம்பெனியின் நேர்காணலுக்குப் போனார். மதிப்பெண் தேறியது. ஆனால் மேலதிகாரி, தலையில் எதுவும் கூடாது, மதத்துக்காக என்றாலும் கூடாது என்று தள்ளிவிட்டார். சமந்தாவும் மதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. 'மதத்துக்காக என்று அவர் சொன்னால்தானே எங்களுக்குத் தெரியும்' என்பதுதான் கம்பெனியின் வாதம். 2015 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மதச் சலுகை, அதாவது மதத்துக்காகக் கடை விதியைத் தளர்த்துவது, தரவேண்டி வருமோ என்று நினைத்து ஆளை ஒதுக்கினாலே தவறு, உறுதியாகத் தெரிந்திருக்கவேண்டியதில்லை என்றது.

ஒரு சிக்கல். 'பார்க்க நன்றாயில்லை' என்று ஒருவரை ஒதுக்குவதை மத்திய சட்டம் தடுக்காது. கடையின் வக்கீல் அந்த 'லுக்' என்ற சொல்லைத்தான் பிடித்துத் தொங்குவார். போனில் 'முக்காடு' என்ற சொல் வந்ததே உங்கள் பிடி. யார் பேசினார், எந்தத் தேதி, என்ன சொன்னார் என்று மகளை இன்றிரவே எழுதி வைக்கச் சொல்லுங்கள். போனின் அழைப்புப் பட்டியலையும் அழிக்க வேண்டாம். இன்ஸ்டாகிராமில் கொட்டித் தீர்ப்பது அப்புறம்.

மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் (EEOC) புகார் செய்ய 300 நாள் அவகாசம். மாநிலக் குடிமை உரிமைகள் பிரிவில் (Division on Civil Rights) 180 நாள்தான். கட்டணம் கிடையாது. பெரிய தொகையை மனதில் வைத்து இறங்காதீர்கள்: ஏழு வருடம் போராடிய சமந்தாவுக்கு இழப்பீடாகக் கிடைத்தது 25,000 டாலருக்குக் கொஞ்சம் மேல்.