பைக் டிஸ்க் பிரேக் ஜாம், ஏர் எடுப்பது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குப் புது சீல் போட்ட பிறகும் முன் சக்கரம் இறுக்கமாகவே சுற்றுகிறது. அதற்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனையும் மாற்ற வேண்டுமா?

பதில்: அதற்கு முன்னால் சீல் உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். லீவரை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங் அல்ல, சதுர வெட்டுள்ள அந்த ரப்பர் சீல்தான். பிரேக் பிடிக்கும்போது லேசாக வளைந்து கொடுக்கும். விட்டதும் நிமிரும், பிஸ்டனையும் கூடவே கூட்டி வரும். பள்ளத்துக்குள் அலுமினியம் பூத்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால் சீல் அளவுக்கு மீறிப் பிதுங்கி பிஸ்டனை நெரிக்கும். சீல் மட்டும் மாற்றி இதைச் சுத்தம் செய்யாமல் விட்டால் செலவழித்த பணம் வீண். மூங்கில் குச்சி, பழைய டூத் பிரஷ் போதும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டாதீர்கள், கீறல் விழுந்தால் ஆயில் கசியும்.

பிஸ்டனில் குரோம் உரிந்து குழி விழுந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். எமரி தாளில் தேய்த்துச் சமாளிக்க வேண்டாம். அப்புறம், காலிப்பர் நகரும் ஸ்லைடர் பின்கள் காய்ந்து கிடந்தாலும் இதே தொல்லைதான். துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள்.

கேள்வி: பிஸ்டனை வெளியே எடுக்க ஏர் கம்ப்ரசர் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். பிஸ்டன் திடீரென்று பாய்ந்து வந்து விரலை நசுக்கிவிடும். ஹோஸைக் கழற்றும் முன்பே, டிஸ்க்கிலிருந்து காலிப்பரை இறக்கி, லீவரை மெல்ல மெல்ல அழுத்துங்கள். தானே வரும். இரண்டு பிஸ்டன் என்றால் முதலில் வருவதை ஒரு மரத்துண்டு வைத்துத் தடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெட்ரோலில் கழுவி, சாதா கிரீஸ் போட்டு மாட்டலாமா?

பதில்: இரண்டுமே கூடாது. பெட்ரோலியம் எது பட்டாலும் பிரேக் ரப்பர் ஊதிவிடும். புது பிரேக் ஆயிலையே சீலில் தடவி மாட்டுங்கள்.

கேள்வி: ஏர் எடுத்தும், அதாவது பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றியும், லீவர் பஞ்சு மாதிரி இருக்கிறதே?

பதில்: பெரும்பாலும் காற்று மேலேதான் தங்கியிருக்கும், லீவர் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸை இணைக்கும் பேஞ்ஜோ போல்ட் பக்கத்தில். ஹேண்டிலைத் திருப்பி அந்த இடம் உயரமாக இருக்கும்படி வைத்து, லீவரைச் சிறு சிறு அசைவாகத் தட்டுங்கள். பிரேக் ஆயில் டப்பாவில் குமிழ் எழும். பிறகு காலிப்பரில் காற்று வெளியேறும் நிப்பிளில் உள்ளே தெரியும் குழாய் மாட்டி, மறுமுனையை ஆயிலில் முக்கி, லீவரை அழுத்திப் பிடி, நிப்பிளைத் திற, மூடு, அதன் பிறகே லீவரை விடு. இந்த வரிசை மாறினால் காற்று திரும்ப உள்ளே போகும். பேஞ்ஜோ போல்ட்டைக் கழற்றியிருந்தால் வாஷர்களையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: டாட் 4 வகை பிரேக் ஆயிலுக்குப் பதில் டாட் 3 ஊற்றலாமா? டாட் 5?

பதில்: டப்பா மூடியில் எழுதியிருப்பதையே ஊற்றுங்கள். புது டாட் 4 கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், டாட் 3க்கு 205. ஈரம் ஏறினால் அது முறையே 155, 140 என்று இறங்கிவிடும். மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் சூடேறி ஆயில் கொதித்துவிடலாம், அதனால் இந்த வித்தியாசம் உயிர் விஷயம். ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, இவற்றோடு கலக்கவே கூடாது. பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் இந்த வேலையை வீட்டில் செய்யலாமா?

பதில்: டப்பா காலியாகாமல் பார்த்துக்கொண்டால் தாராளமாகச் செய்யலாம். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் சில வண்டிகளில் கம்ப்யூட்டர் மாட்டித்தான் எடுக்க முடியும், சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

கேள்வி: மாட்டி முடித்ததும் ஓட்டலாமா?

பதில்: முதலில் நின்ற இடத்திலேயே லீவர் கெட்டியாகும்வரை அடியுங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும்வரை பிரேக்கே இருக்காது. லீவரை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடித்து, எங்காவது கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாக நகர்த்துங்கள்.