தோட்டத்து டெலஸ்கோப் கொட்டகைக்கு மின்சாரம் கொண்டுபோவது எப்படி?

தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டிலிருந்து 40 மீட்டர் தள்ளி டெலஸ்கோப் கொட்டகை. வீட்டிலேயே 12 வோல்ட் அடாப்டரை வைத்து ஒயர் இழுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் போக வர 80 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1 ஓம் தடை. டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் மவுன்ட், கேமரா, லென்ஸில் பனி படியாமல் காக்கும் ஹீட்டர் சேர்ந்து 5 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 5 வோல்ட் போய்விடும். மிச்சம் 7 வோல்ட்டில் மவுன்ட் திணறும். அதே 60 வாட்டை (12 வோல்ட் × 5 ஆம்பியர்) 230 வோல்ட்டில் அனுப்பினால் இழப்பு கால் வோல்ட்தான். அதனால் 230 வோல்ட்டைக் கொட்டகை வரை கொண்டுபோய் அங்கே 12 ஆக மாற்றுங்கள்.

இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிளை முக்கால் மீட்டர் ஆழத்தில் புதைத்து, மேலே மணலும் செங்கலும் போடுங்கள். மண்வெட்டி பட்டாலும் தாங்கும். கொட்டகைக்கு மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் சரியான எர்த்தும் கட்டாயம். மார்கழிப் பனியில் ஈரக் கையோடு இரும்பைத் தொடுகிற இடம் அது. இணைப்பு வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

கிணற்று மோட்டாரின் இலவச இணைப்பிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள், அது பாசனத்துக்கு மட்டும்.

பள்ளம் தோண்ட மனசில்லையா? 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று சுமார் 1,280 வாட்-மணி தரும். 60 வாட் சுமைக்கு ஓர் இரவு தாராளம். நடு இரவில் கரண்ட் போனாலும் வானத்தைப் படமெடுப்பது நிற்காது. நான் இதைத்தான் சொல்வேன். அப்புறம், சித்திரை இடிமழைக்கு முன் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.