சுவரில் பூஞ்சணம், இரவில் இழுப்பு: பெயின்ட் அடித்தால் போதுமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம். எனக்கு 46 வயது. ஐப்பசி மழை தொடங்கினால் படுக்கையறைச் சுவர் ஊறிக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கிறது. இரண்டு வருடமாக மழைக்காலத்தில் இரவில் இருமலும் இழுப்பும் வருகின்றன. மட்டக்களப்பில் அக்கா வீட்டில் நின்றால் குறைகிறது. சின்ன வயதில் எனக்குத் தொய்வு இருந்ததில்லை. பெயின்ட் அடித்தால் சரியாகுமா?

பதில்: இப்போது பெயின்ட் அடிக்காதீர்கள். ஈரச் சுவரில் அடித்தால் அது உப்பி உரியும், பூஞ்சணமும் திரும்ப வரும்.

அக்கா வீட்டில் இருமல் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது மிக முக்கியமான தகவல். ஈர வீடுகளில் வசிப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, மூச்சுத்திணறல், சுவாசத் தொற்று ஆகியவை கூடுதலாக வருவதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் உறுதிப்படுத்தியது. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மோசமாவது மட்டுமல்ல, புதிதாக ஆஸ்துமா வருவதோடும் ஈரத்துக்குத் தொடர்பு உண்டு. சின்ன வயதில் தொய்வு இல்லாதவருக்கும் நாற்பதுக்கு மேல் அது தொடங்கலாம்.

பூஞ்சண வித்துகளும் உடைந்த துகள்களும் மூச்சுக்குழாயை உறுத்துகின்றன, சிலருக்கு ஒவ்வாமையையும் கிளப்புகின்றன. ஈரக்காற்றில் மெத்தைத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகளும் பெருகும். கறுப்புப் பூஞ்சணம்தான் விஷம் என்று பயப்பட வேண்டாம். நிறத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. எந்த வகைப் பூஞ்சணம் என்று பரிசோதிக்கக் காசு செலவழிக்கவும் வேண்டாம். எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் வரும் வழியை அடைப்பது.

அந்த வழியைக் கண்டுபிடிக்க, ஊறிய இடத்தில் ஒரு பொலித்தீன் துண்டை வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் இறுக்கமாக ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் வியர்த்திருந்தால் அறைக்குள்தான் ஈரம் தங்குகிறது. நம் ஊரில் மழை வடகீழ்ப் பருவத்தில் காற்றோடு சாய்ந்து அடிப்பதால், கிழக்கு, வடக்குச் சுவர்களின் வெளிப்பூச்சில் வெடிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் கூரைப் பீலி, பாத்ரூம் குழாய். ஈரம் தரையிலிருந்து ஏறி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அத்திவாரத்தைக் கவனிக்க வேண்டும். உப்பு நீக்காத கடல் மணலில் கட்டிய சுவர் என்றால் உப்பே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பெரிய திருத்த வேலையையும் பெயின்ட்டையும் கச்சான் காற்று வீசும் மாதங்களுக்கு வையுங்கள், அப்போதுதான் சுவர் உள்வரை காயும்.

அதுவரை கட்டிலையும் அலுமாரியையும் சுவரை விட்டு நகர்த்துங்கள். மழை விட்ட நேரம் யன்னல்களைத் திறந்து மின்விசிறியைப் போடுங்கள். அறைக்குள் உடுப்புக் காயப்போடாதீர்கள். ஈரவாடை போகச் சாம்பிராணி போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இழுப்பு உள்ளவருக்கு அந்தப் புகையும் நுளம்புச்சுருளும் கெடுதல், தயவுசெய்து நிறுத்துங்கள்.

பூஞ்சணத்தை நீங்கள் துடைக்க வேண்டாம், வீட்டில் நெஞ்சு வருத்தம் இல்லாத ஒருவர் செய்யட்டும். என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டு, யன்னலைத் திறந்து, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துச் சுவரைக் காயவிட வேண்டும். காய்ந்த பிரஷால் தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். பூஞ்சணம் பிடித்த மெத்தையையும் தலையணையையும் கழுவிக் காப்பாற்ற முடியாது, எறிந்துவிடுங்கள்.

சுவரைச் சரிசெய்த பிறகு பார்க்கலாம் என்று வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். எந்த வீட்டில் கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மூச்சு ஊதும் பரிசோதனையில் ஆஸ்துமாவா என்று தெரியும். இன்ஹேலர் தந்தால் பழகிவிடும் என்று பயந்து விடாமல் ஒழுங்காக எடுங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்தச் சளிப் பரிசோதனையும் தேவை. ஒரு வசனத்தைப் பேசி முடிக்க முடியாத அளவுக்கு மூச்சு முட்டினால் விடியும்வரை காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாகவே வரும்.