2 வோல்ட் வைத்தால் 4 வோல்ட் தெரிவது பற்றி

சோதனைக்கான மின் அலைகளை உருவாக்கும் ஃபங்ஷன் ஜெனரேட்டரில் 2 வோல்ட் பீக்-டு-பீக் (அலையின் உச்சிக்கும் அடிக்கும் இடையிலான அளவு) என்று அமைத்தும், அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் 4 வோல்ட் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். சரியாக இரு மடங்கு என்பதால், கருவியில் பழுது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜெனரேட்டரின் வெளியீட்டோடு தொடராக 50 ஓம் மின்தடை உள்ளேயே இருக்கிறது; வெளியிலும் 50 ஓம் சுமை இருக்கும், ஆகவே பாதி மின்னழுத்தமே அங்கு கிடைக்கும் என்று கொண்டு அது தன் எண்ணைக் காட்டுகிறது, ஆனால் ஆசிலோஸ்கோப்பின் உள்ளீடு பொதுவாக 1 மெகா ஓம் என்பதால் ஏறத்தாழ முழு மின்னழுத்தமான 4 வோல்ட்டும் அங்கு வந்துவிடுகிறது. ஜெனரேட்டரின் மெனுவில் சுமையை 'ஹை இசட்' (மிக அதிக மின்தடை) என்று மாற்றிவிட்டு, மீண்டும் 2 வோல்ட் அமையுங்கள். அந்த வசதி இல்லாத பழைய கருவியாயின், சென்னை ரிச்சி தெருவின் மின்னணுப் பொருள் கடைகளில் 50 ஓம் பிஎன்சி டெர்மினேட்டரை (இணைப்பியில் மாட்டும் 50 ஓம் மின்தடை) கேட்டு வாங்கி, டி இணைப்பியுடன் ஆசிலோஸ்கோப்பின் உள்ளீட்டில் பொருத்தலாம். ஆசிலோஸ்கோப்பின் அளவிடும் முனையான புரோபின் 1எக்ஸ், 10எக்ஸ் (சிக்னலை அப்படியே அல்லது பத்தில் ஒரு பங்காக அனுப்பும்) அமைப்பையும் ஒருமுறை பாருங்கள். அது பிசகினால் வேறுபாடு பத்து மடங்காக இருக்கும், இரு மடங்காக இராது.